உன் மனையின் நடுவே ஒரு பாதை

அன்பு மகன் ஒடேராவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே வேளாவேளைக்குப் பசியோடு இருக்கிறோம், பசி எடுக்கிறது என்றால் உடம்பு சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், அங்கே நீயும் மருமகள் லிலியனும் சின்ன டோர்காவும் அப்படியே பசியோடும் சிரிப்போடும் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். சின்ன டோர்காவுக்கு முன்பல் இரண்டும் விழுந்த படம் வந்து சேர்ந்தது. உன் அம்மா அதை நம் மாவு மில்லுக்கு வருகிற ஒருவரையும் விடாமல் கூப்பிட்டுக் காட்டுகிறாள், சோளம் அரைக்க வந்தவர்கள் அரைத்து முடித்த பிறகும் போக வழியில்லாமல் நிற்கிறார்கள். தன் பெயரை வைத்ததால் அந்தப் பொக்கை வாயும் தன்னுடையதுதான் என்கிறாள். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிதான். மழை இந்த முறை கொஞ்சம் முந்திக்கொண்டது, ஏரி ஏறி மீன்காரர்களின் குடிசை வரைக்கும் வந்துவிட்டுப் போனது, நமக்கு ஒன்றும் ஆகவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் தாளும் பேனாவும் எடுத்தார் அப்பா என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். இது உன் நிலத்தைப் பற்றிய சமாச்சாரம், முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒழுங்காகச் சொல்லவேண்டும். அவள் இப்போது சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அறுவடை முடிந்த கையோடு வட்டாரத் திட்ட அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிசுமு டவுனில் தொடங்கி ஏரிக்கரை முழுவதும், மேலே மலையடி வரைக்கும், இன்னும் இருபத்தைந்து வருடத்துக்கு ஜனங்கள் எப்படிப் போய் வரப்போகிறார்கள் என்று இப்போதே உட்கார்ந்து யோசிக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்கு மில்லுக்கு டீசல் வருமா என்றே எனக்குத் தெரியாது, இவர்கள் நான் போய்ச்சேர்ந்த பிறகு யார் எந்தப் பக்கம் நடப்பார்கள் என்று கேட்கிறார்கள். ஆனால் வந்தவர்களில் நெகேசா என்று ஒரு பெண், பங்கோமா பக்கத்துக்காரி, அவள் மட்டும் ஜீப்பில் வரவில்லை, கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு சைக்கிளில் வந்தாள். மீன்கூடை சுமக்கிற பெண்களோடு சந்தை வரைக்கும் கூடவே நடந்தாள், தண்ணீர் எடுக்கிற இடம், பள்ளிக்கூடத்துக் கேட், சுகாதார நிலையத்து வாசல் எல்லா இடத்திலும் நின்று நின்று கேட்டாள். உன் அம்மாவுக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "இத்தன வருஷமா வந்தவங்க எல்லாம் எப்ப கார் வாங்குவீங்கன்னு கேட்டாங்க, இவ எந்த எடத்துல உக்காந்து மூச்சு வாங்குறீங்கன்னு கேக்கறா" என்றாள்.

நெகேசா கொண்டுவந்த வரைபடத்தில் நம் பக்கத்துக்கு இரண்டு கோடு இருந்தது. நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் சக்கர நாற்காலிக்கும் மட்டும் என்று ஒரு பாதை, ஏரிக்கரையிலிருந்து டவுன் வரைக்கும். நீலக்கோடு நெடுஞ்சாலையின் ஓரத்தோடு ஒட்டிப் போகிறது. பச்சைக்கோடு பின்பக்கமாக, கரும்பு ஆலை மூடுவதற்கு முன்னால் கரும்பு வண்டி ஓடிய அந்த மண்திட்டின் மேல் போகிறது. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், திட்டு மட்டும் இருக்கிறது, ஆலைக்காரர்கள் விட்டுப் போனதும் ஆளாளுக்கு வேலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டோம், நாமும்தான். நீ குடும்பத்தோடு வந்து தனி வீடு கட்டிக்கொள்ள நான் வைத்திருக்கும் மனையைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு அந்தப் பச்சைக்கோடு போகிறது. ஒரு பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் நீ கட்டப்போகும் வீடு, நடுவில் ஊர்ப்பாதை.

மகனே, உனக்குத் தெரியும், மகன் தனிவீடு போடுகிற நாளில் அப்பன் உயிரோடு இருந்து, சேவலும் கோடரியும் கையில் எடுத்து அவனைக் கூட்டிக்கொண்டுபோய், இதுதான் உன் இடம் என்று காட்டவேண்டும். என் அப்பா எனக்குக் காட்டினார். நான் உனக்குக் காட்டுவதற்காகத்தான் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் இறக்கி வைத்திருக்கிறேன். ஒயுகி பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன், அவர் தடியை ஊன்றிக்கொண்டு, "அப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல ஊரே நடந்து போனா அது என்னடா குடும்பம்? சண்ட போட்டா ஊருக்கே கேக்கும், சமாதானம் ஆனாலும் ஊருக்கே கேக்கும்" என்றார். திட்டை ஒட்டிய வீடுகள் எல்லாம் கூடி, எங்கள் சார்பாக எல்கானாதான் பேசவேண்டும் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். நம் பக்கத்து வீட்டு ஸாப்லோனுக்கு வேறு கவலை. "அந்தப் பச்சைக்கோடு நேரா என் கக்கூஸ் மேல போகுது எல்கானா, இந்த வயசுல நான் எங்க ஓடுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நீலக்கோடுதான் வேண்டும், சாலை ஓரத்தில் போடுங்கள், எங்கள் வேலியைத் தொடாதீர்கள் என்று சொல்வதாக முடிவானது. உண்மையைச் சொன்னால் மில்லும் என் மனதில் இருந்தது. மில் நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிறது, ஜனங்கள் எல்லாம் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தால் யார் வருவார்கள்.

இந்தப் பேச்செல்லாம் நடந்தபோது உன் அம்மா வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன், இத்தனை வருடம் அவளோடு வாழ்ந்தும் எனக்கு அந்தப் புத்தி இருந்தது பார். அப்போது அவளுக்குக் கை வேறு சரியில்லை. பெருமழை தொடங்கியபோது ஒருநாள் சுகாதார நிலையத்திலிருந்து வலது கையை மேல்துணியில் தொட்டில் போலக் கட்டிக்கொண்டு வந்தாள், குழாயடிச் சேற்றில் வழுக்கிவிட்டேன், கட்டுப் போட்டிருக்கிறார்கள், சரியாகிவிடும் என்றாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் கோபத்தில் நிறையத் திட்டினேன், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய் என்று கேட்டேன், பிறகு மனசு கேட்காமல் தட்டைக் கற்களாகப் பொறுக்கிக் கொண்டுவந்து குழாயடி முழுவதும் பதித்தேன். மூன்று நாள் வேலை, இடுப்பு போய்விட்டது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஊருக்குத் தலைவரான சீஃப் நடுவில் உட்கார்ந்திருந்தார், நெகேசா கரும்பலகையில் வரைபடத்தை மாட்டியிருந்தாள், பெண்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எழுந்து பேசினேன், நன்றாகத்தான் பேசினேன், மகனே, மனை என்பது வெறும் மண் அல்ல என்றேன், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் திரும்பி வரும்போது நிற்க ஓர் இடம் வேண்டாமா என்றேன், கைதட்டினார்கள். ஸாப்லோன் எழுந்து நின்றே தட்டினான். சீஃப் வேறு யாராவது பேசவேண்டுமா என்று பேச்சுக்குக் கேட்டார். பெஞ்சிலிருந்து உன் அம்மா எழுந்தாள்.

"நான் ஒடேராவோட அம்மா. ஒடேரா அப்பா சொன்னதுக்கு எதிரா பேச வந்திருக்கேன்" என்றாள். பிறகு பின்னால் இருந்து ஒருவன், "பெரியம்மா, அத வீட்டுல பேசி முடிச்சிட்டு வாங்க" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பி அவனைப் பார்த்து, "வீட்டுல பேசினா இவருக்கு மட்டுந்தான் கேக்கும். ரோட்டுல நடக்கறது இவர் மட்டுமா?" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு இடது கையால் வலது கைச் சட்டையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு, நான் அதுவரை கட்டுப் போட்டிருந்ததை மட்டும்தான் பார்த்திருந்தேன், கட்டுப் பிரித்த பிறகு அவள் எப்போதும் நீளக்கை போட்டுக்கொண்டே இருந்தாள், குளிருது என்று சொன்னாள், நானும் நம்பினேன்.

"இது கொழாயடில வழுக்கினது இல்ல" என்று சொன்னாள். சைக்கிள் டாக்ஸிக்காரன் ஒலாங் தெரியுமே உனக்கு, அவன் பின்னால் உட்கார்ந்து சுகாதார நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள், எடை பார்க்கிற தராசு மடியில் இருந்திருக்கிறது. ஒரு மணல் லாரி முன்னால் போன லாரியை முந்திக்கொண்டு ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. ஒலாங் சைக்கிளை இறக்கினான், இறக்க இடம் எங்கே இருக்கிறது, இருவரும் சாக்கடைக்குள் விழுந்தார்கள். அவனுக்கு நெற்றி பிளந்தது, இவளுக்குக் கை. "லாரிக்காரன் திரும்பிக்கூடப் பாக்கல. இந்த நீலக்கோடுன்னா என்ன? அதே லாரி பக்கத்துல ஒரு வெள்ளக்கோடு போட்டு, இதுக்கு அந்தாண்ட நீ வா, இதுக்கு இந்தாண்ட நான் போறேன்னு சொல்றது. அவன் மாட்டுக்கே நிக்கமாட்டான், கோட்டுக்கா நிப்பான்? எம்பிள்ளைக்கு வெச்ச மனைதான் அது, எனக்கு மட்டும் ஆசை இல்லையா. ஆனா அவன் வந்து குடியிருக்கும்போது அவன் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா போவா? அதச் சொல்லிட்டு நீலம் கேளுங்க." இவ்வளவுதான் பேசினாள், சட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் முன்னால் மனைவி எதிர்த்துப் பேசினால் கோபம்தான் வரவேண்டும். எனக்கு வரவில்லை. எனக்கு அந்தக் குழாயடிக் கல்தான் கண்ணில் வந்தது. நான் வெயிலில் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பதிக்கிறேன், அவள் நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, நெகேசாதான், இன்றைக்கு ஒன்றும் முடிவு செய்யவேண்டாம், அடுத்த வாரம் கூடலாம் என்றாள். சீஃப், "எல்கானா, வீட்டுக்குப் போய் ஒரு டீயப் போட்டுக் குடிச்சிட்டு வாய்யா" என்று முடித்து வைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "சொல்லியிருந்தா என்ன வேலைக்கு விட்டிருப்பீங்களா?" என்றாள். விட்டிருக்கமாட்டேன், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நான் என் கருப்பு சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்தேன். எங்கே என்று கேட்டாள், நீ போகிற இடத்துக்குத்தான், ஏறு என்றேன். இந்த வயதில் உங்கள் பின்னால் நான் ஏறவேண்டுமா, ஊர் சிரிக்கும் என்றாள், சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சந்தை முக்கில் பயல்கள் கூவினார்கள், "எல்கானா அண்ணே, புதுப்பொண்ணா?" என்று. "பழசுதாண்டா, கை ஒடஞ்சிருக்கு, ரிப்பேருக்குக் கொண்டுபோறேன்" என்றேன். உன் அம்மா என் இடுப்பில் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை, மகனே. நான் வருடக்கணக்காக மில் வாசலில் நின்று அந்தச் சாலையைப் பார்த்தவன், அதன் ஓரத்தில் அவளை வைத்துக்கொண்டு மிதித்தது இல்லை. லாரி வருவது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் ஹாண்டில்பாருக்குத் தெரிகிறது, நடுங்குகிறது. ஒவ்வொரு முறை பின்னால் ஹாரன் கேட்கும்போதும் உன் அம்மா மூச்சை நிறுத்திக்கொள்வது என் முதுகுக்குத் தெரிந்தது. லாரி போன பிறகுதான் விடுவாள். வாரத்தில் பாதி நாள் அவள் இப்படித்தான் போய் வந்திருக்கிறாள், வந்து எனக்குச் சோள மாவில் உகாலி கிண்டிப் போட்டிருக்கிறாள், சாலை எப்படி இருந்தது என்று நானும் கேட்டதில்லை. மூன்று இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ஓரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். லாரி வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹோ என்று கத்திக்கொண்டு சாக்கடைக்குள் குதிப்பார்கள், லாரி போனதும் ஏறி வந்து மறுபடி வரிசை கட்டுவார்கள். விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா சொன்னாள், "வெளயாட்டு இல்ல, பெரிய பிள்ளைங்க சின்னதுங்களுக்குப் பழக்கி விட்டிருக்குதுங்க. சின்னது பயப்படக் கூடாதுன்னு கத்துதுங்க" என்று.

இதை எழுதும்போது உனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீ அங்கே அவ்வளவு பெரிய பேருந்து ஓட்டுகிறாய், பனியில் ஓட்டுகிறாய், கவனமாக ஓட்டுவாய் என்று தெரியும். இருந்தாலும் ஓரத்தில் சைக்கிளில் யாராவது போனால் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிப் போ, அவசரம் என்றால் ஒரு நிறுத்தம் தாமதமாகப் போய்ச் சேர். உனக்கு அவர்கள் முதுகு மட்டும்தான் தெரியும். முன்னால் இருக்கும் முகம் எப்படிப் பயந்திருக்கிறது என்று தெரியாது.

திரும்பி வரும்போது சாலையில் வரமாட்டேன் என்றேன். திட்டின் மேல் ஏறி வந்தோம், முள்ளும் புதரும் அடைத்துக் கிடக்கிறது, நான் சைக்கிளால் முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வர அவள் பின்னால் வந்தாள், ஆனால் அங்கே சத்தமே இல்லை, நாங்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது. ஆளாளுக்குத் தள்ளிப்போட்ட வேலிகளைத் தாண்டித் தாண்டி உன் மனைக்கு வந்து சேர்ந்தோம். நான் இறக்கி வைத்திருக்கும் கல்குவியலின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். இங்கிருந்து என் வீட்டுக் கூரை தெரிகிறது, அங்கே உன் வீடு வரும், நடுவில் இவர்கள் பாதை வரும், என்னை அவனிடமிருந்து பிரித்துவிடுமே டோர்கா என்றேன். அவள் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்காமலே சொன்னாள். "இப்ப உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல என்ன இருக்கு? எத்தன கடல், எத்தன நாடு? அதுக்கு மேல இருந்து ஞாயித்துக்கெழம தவறாம அவன் அப்பான்னு கூப்பிடறான், உங்களுக்குக் கேக்குதுல்ல? பத்தடி பாதையத் தாண்டி கேக்காதா?"

அவள் விடவில்லை, "மில்லுக்கு ஆள் வரமாட்டாங்கன்னு வேற உள்ளுக்குள்ள ஒரு கவல, அத மட்டும் கூட்டத்துல சொல்லல நீங்க. பாத எங்க போனா என்ன, சோளத்த அரைக்காம பச்சையா திம்பாங்களா? நீங்க இப்பல்லாம் அரைக்கற மாவுல உமி இருக்கு, அதச் சரி பண்ணுங்க, ஆள் தானா வருவாங்க" என்றாள். உமி இருப்பது உண்மைதான், சல்லடை மாற்றவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்தபோது எல்லோரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. போன வாரம் நான் பேசியது என் மனைக்காகப் பேசியது, இந்த வாரம் அந்தச் சாலையில் போய்விட்டு வந்து பேசுகிறேன், பச்சைக்கோடுதான் என்றேன். பிள்ளைகள் சாக்கடைக்குள் குதிப்பதைச் சொன்னேன். எல்லோரும் தினமும் பார்ப்பதுதான், யாரும் தலையைத் தூக்கவில்லை. ஸாப்லோன் மட்டும், "என் கக்கூஸ்?" என்றான். நெகேசா பென்சிலை எடுத்து அந்த இடத்தில் கோட்டைக் கொஞ்சம் வளைத்தாள், போதுமா என்று கேட்டாள். போதும் என்றான், ஆனால் எதிர்க்க ஒரு காரணமும் இல்லாமல் போனதில் அவனுக்கு வருத்தம், கூட்டம் முடியும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஒயுகி பெரியப்பாவைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். நீ தனிவீடு போடும் நாளில், நானும் நீயும் சேவலோடு தாண்டிப் போகும் வரைக்கும் ஒருவரும் அந்தப் பாதையில் கால் வைக்கக்கூடாது. "இருவத்தஞ்சு வருஷத்துத் திட்டம்ங்கறீங்க, அதுல ஒரு காலை வேள எங்களுக்கு ஒதுக்குங்க" என்றார். சீஃப் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதையெல்லாமா திட்டத்தில் எழுதுவார்கள் என்றார். நெகேசா சிரிக்கவே இல்லை. "எழுதிக்கறேன் தாத்தா" என்று உண்மையாகவே எழுதிக்கொண்டாள்.

அப்படியாகப் பச்சைக்கோடு முடிவாகிவிட்டது. மேலே பாலமும் விளக்கும் கெட்டித் தரையும் வருவதற்கு எட்டு வருடம் பத்து வருடம் ஆகலாம் என்கிறார்கள், நிலத்துக்கு உரிய பணத்தை ஒவ்வொரு வீட்டோடும் தனித்தனியாகப் பேசுவார்கள். மற்ற வீடுகளுக்காக நான் தலையாட்டினேன், ஆனால் நம் மனைக்கு மட்டும், என் மகனைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சபையிலேயே சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு வைத்த இடம், உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நான் போய்ச் சொல்வேன், உன் அம்மாவே எதிர்த்தாலும் சொல்வேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா இனி அந்தச் சாலையில் போகக்கூடாது என்று, கூட்டம் முடிந்த மறுநாளே அரிவாளை எடுத்துத் திட்டின் மேல் புதரை வெட்டினேன், நம் வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு, அவள் ஒருத்திக்காக மட்டும் ஒரு திறப்பு வைத்தேன். அந்த வாரமே மீன்கூடைப் பெண்கள் அந்த வழியாக வந்தார்கள். அடுத்து ஒலாங் சைக்கிளோடு வந்தான், நெற்றியில் தழும்போடு, மணி அடித்துக்கொண்டு. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும். ஸாப்லோன் தன் பங்குக்குத் தன் வேலியிலும் ஒன்று வெட்டி வைத்திருக்கிறான், கேட்டால் காற்றுக்கு என்கிறான். நான் உன் சம்மதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஊர் உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, என்னை மன்னித்துக்கொள்.

காலையில் டீயை எடுத்துக்கொண்டு உன் கல்குவியலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் தாண்ட முடியாமல் நிற்கிறேன், பிள்ளைகள் வரிசை போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் நின்று வணக்கம் தாத்தா என்கிறது, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, கடைசிப் பிள்ளை போவதற்குள் டீ ஆறிவிடுகிறது. யாரும் கத்துவதில்லை, யாரும் எங்கேயும் குதிப்பதில்லை. சும்மா நடந்து போகிறார்கள். அவர்கள் போன பிறகு நான் தாண்டி உன் பக்கம் போகிறேன், கல்லின் மேல் உட்கார்ந்து ஆறின டீயைக் குடிக்கிறேன், அங்கிருந்து கூப்பிட்டால் சமையலறையில் இருக்கும் உன் அம்மாவுக்குக் கேட்கிறதா என்று ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தேன். கேட்கிறது. "என்ன?" என்று அங்கிருந்தே அதட்டினாள்.

டிசம்பரில் வருகிறேன் என்றாய், மாற்றாதே. வெள்ளைச் சேவல் ஒன்றைத் தனியாக வளர்க்கிறேன். லிலியனுக்கு என் அன்பைச் சொல், குழந்தையைக் கொஞ்சு, அவளுக்கு நம் பேச்சு மறக்காமல் பார்த்துக்கொள், இங்கே வந்து தாத்தாவிடம் சைகையில் பேசக்கூடாது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைக்கும் காலுக்கும் பெலன் தருவாராக, நீ கட்டும் வீட்டில் உன் பிள்ளைகளின் பிள்ளைகள் சோறு தின்பார்களாக. கையெழுத்துக்குச் சம்மதமா இல்லையா என்று ஒரு வரி எழுதி அனுப்பு, போனில் சொல்லாதே, உன் அம்மா முந்திக்கொண்டு சரி என்று சொல்லிவிடுவாள்.

அவள் கை இப்போது தோள் வரைக்கும் வருகிறது, தலை வரைக்கும் இன்னும் வரவில்லை, பின்னல் நான்தான் போட்டுவிடுகிறேன், கோணலாக வருகிறது. கையைப் பற்றி நான் எழுதினேன் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, அம்மா உனக்கு எங்கேயாவது வலிக்கிறதா என்று நீயாகவே கேட்பது போல ஒருமுறை கேள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
உன் அப்பா
எல்கானா